கலங்கலக்கா காய்ச்சிய பீர்

எங்கள் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் கலங்கல். முகத்துக்கு நேரே கலங்கலக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வெறும் கலங்கல். பெயர் வைத்தவர் முன்பு எங்களிடம் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுப் போன பிறகு ஒருநாள் எங்களைப் பார்க்க வந்தவர், அக்கா முதன்முதலாகத் தன் இஷ்டத்துக்குக் காய்ச்சிய பீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அரிசி கழுவின தண்ணீரா, இப்படிக் கலங்கலாக இருக்கிறதே என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை மறைப்பானேன். அக்கா சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கலங்கல்தான், குடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார். அன்றிலிருந்து யாராவது அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு இழுத்தால் அவரே எடுத்துக்கொடுப்பார்.

எனக்கு அவர் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணனின் மனைவி. ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருப்பதே பெரும்பாடு. நாங்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே கம்பெனியிலும் வேலை பார்க்கிறோம். அவருக்கு டேங்க் பக்கம், எனக்கு டப்பாவில் அடைக்கும் மெஷின் பக்கம். காலையில் அடுப்பங்கரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சாயங்காலம் வரை அந்த முகத்தையே பார்த்துத் தொலைக்க வேண்டும். வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான் என்பதால் வாயைத் திறக்கவும் முடியாது. இதைச் சொல்லிவிட்டே மேலே சொல்கிறேன். நான் அவருக்கு ஜால்ரா போடுகிறவள் அல்ல.

டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் நீளமான தகரக் கொட்டகைதான் எங்கள் கம்பெனி. முதலாளியைச் சேர்க்காமல் எட்டுப் பேர். அக்கா டேங்க் கழுவத்தான் வந்தார். ஒன்பது வருஷம் கழுவினார். ஆள் நுழையும் ஓட்டை வழியாகத் தலையை உள்ளே விட்டு, தேய்ப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பார். எந்தப் பீர் நன்றாக வந்தது, எது சொதப்பியது என்று டேங்கின் வயிற்றை முகர்ந்தே சொல்லப் பழகிவிட்டார். பழைய ஆள் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போனபோது முதலாளி புது ஆள் தேடி அலைந்தார். அக்கா போய் நான் காய்ச்சுகிறேன் என்று கேட்டார். யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை, அவராகக் கேட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால் கொடுத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அக்கா குடிக்க மாட்டார். ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் சுற்றவிட்டு, தம்ளரில் துப்பிவிடுவார். குடிக்கத் தெரியாதவள் காய்ச்சலாமா என்று எங்கள் விற்பனைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். சமைக்கிறவள் எல்லாம் சட்டியோடு தின்கிறாளா என்று அக்கா திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அவர் பீரைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. வகைக்குப் பெயர் ஐ.பி.ஏ., அதாவது இந்தியா பேல் ஏல். பழைய ஆள் காய்ச்சியது கண்ணாடி போலத் தெளிவாக, நாக்கைச் சுருட்டும் கசப்போடு இருக்கும். அக்காவுடையதை ஊற்றினால் கோப்பைக்கு அந்தப் பக்கம் பிடித்திருக்கும் விரல் தெரியாது. மாம்பழச் சாற்றில் கொஞ்சம் பால் விட்ட நிறம். பார்லியோடு கோதுமையும் ஓட்ஸும் சேர்ப்பதால் வாயில் வழவழவென்று இறங்கும். மூக்கருகே கொண்டுபோனால் முதலில் மாம்பழம், அதுவும் சதை அல்ல, காம்பு கிள்ளிய இடத்து வாசனை. அப்புறம் ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது கண்ணில் தெறிக்குமே, அது. வாயில் வைத்தால் அன்னாசி, கனிந்த கொய்யா. விழுங்கிய பிறகுதான் கசப்பு வரும். வந்து, நானும் இருக்கிறேன் என்று காட்டிவிட்டுப் போய்விடும்.

இத்தனைக்கும் அதில் ஒரு பழத்துண்டு கிடையாது. எல்லாம் ஹாப்ஸ் பார்க்கும் வேலை. அது ஒரு கொடியின் பூ. எங்களுக்குப் பொடித்து அழுத்திய பச்சைத் துண்டுகளாகப் பையில் வரும், பார்த்தால் மாட்டுத் தீவனம் என்பீர்கள். பழைய ஆள் அதைக் கொதிக்கும்போதே கொட்டுவார். கசப்பு பீரில் இறங்கும், வாசனை ஆவியோடு கூரைக்குப் போகும். கூரைக்கு எதற்கு மாம்பழ வாசனை என்று அக்கா பெரும்பகுதியை எடுத்து வைத்து, பீர் புளித்து முடிகிற சமயத்தில்தான் போடுவார். ஒருமுறை கடைக்காரர் ஒருவர் வந்து, என்ன எசன்ஸ் ஊற்றுகிறீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று அடம்பிடித்தார். அக்கா பையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். மனிதர் வீடு போகும்வரை கையைக் கழுவியிருக்க மாட்டார்.

எங்கள் மாமியாருக்கு இந்த வாசனை ரொம்ப வசதியாகப் போய்விட்டது. இரண்டு மருமகள்களும் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று யாராவது கேட்டால், பழச்சாறு கம்பெனி என்று சொல்லிவிடுவார். எங்கள் துணியில் அடிப்பதும் பழ வாசனைதானே, யாரும் சந்தேகப்படவில்லை. நான் பேசாமல் இருந்துவிடுவேன். அக்கா இருக்க மாட்டார். நாத்தனாரின் சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மாமியார் பழச்சாறு என்று ஆரம்பித்தார். தண்ணீர்ச் செம்போடு வந்த அக்கா, "பீர், அத்தை. பீர் கம்பெனி. நான்தான் காய்ச்சுறேன்" என்று சொல்லிவிட்டுச் செம்பை வைத்தார். அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அக்காவுக்கு அதை மூடும் எண்ணமே இல்லை.

இப்போது பீரில் வரும் வெண்ணெய் வாசனைக்கு வருகிறேன். இந்த வகைப் பீருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கடைசியில் ஹாப்ஸைப் போட்டதும், பீரைப் புளிக்க வைத்துவிட்டு அடங்கிய ஈஸ்ட் சில சமயம் மறுபடி எழுந்து மிச்சமிருக்கும் இனிப்பைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது அது வெளியே விடுகிற ஒன்று பிறகு வெண்ணெய் வாசனையாக மாறும். சில நாள் பொறுத்தால் ஈஸ்ட்டே அதையும் தின்று தீர்த்துவிடும். பொறுக்காமல் அடைத்தால் நம் கையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகு மாம்பழம் காணாமல் போய் உருக்கின வெண்ணெய் நிற்கும். காபியில் மீன் வாசனை அடித்தால் எப்படியோ அப்படி.

ஒளிந்திருப்பதை முன்கூட்டியே வெளியே இழுக்க அக்கா ஒரு சோதனை வைத்திருக்கிறார். டேங்கிலிருந்து இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பீர் பிடித்து இறுக மூடுவார். ஒன்றை விரல் வைக்க முடியாத வெந்நீரில் அரைமணி நேரம் வைப்பார். பிறகு ஆறவைத்து, இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பார்ப்பார். வெந்நீரில் இருந்ததில் வெண்ணெய் வந்தால் பீர் இன்னும் தயார் இல்லை. இரண்டிலும் பழ வாசனை மட்டும் இருந்தால் அடைக்கலாம். நான் எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சிலர் மூக்குக்கு அந்த வாசனை பிடிபடவே படாது என்று அக்கா சொன்னார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

முதலாளிக்கும் பிடிபடாது. ஆனால் அவர் அதை ஒத்துக்கொண்டதே இல்லை. சென்ற வருஷம் அக்கா இரண்டு நாள் லீவில் இருந்தபோது அவரே நின்று ஒரு டேங்க் பீரை அடைக்கச் சொன்னார். மூன்று வாரத்தில் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. அவர் எங்கள் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்து, டேங்கைச் சரியாகக் கழுவாததால் வந்த வினை இது என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது வருஷம் கழுவினவரிடம் சொன்னார். இன்னொரு முறை இப்படி நடந்தால் கதவு அந்தப் பக்கம் என்றும் சொன்னார். அக்காவின் உதடு துடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் ஒரு கூடை உரித்தார்.

இந்த வருஷம் ஒரு பெரிய கடை வெள்ளிக்கிழமை திறப்பதாக இருந்தது. வாசலுக்கு நேரே ஒரு முழு அலமாரி எங்கள் பீருக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். புதன்கிழமை காலையில் அடைக்க வேண்டும். கடைசியில் சொல்ல மறந்துவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பீர் டப்பாவுக்கு வர அதற்குப் பிறகு ஆறு நாள் ஆயிற்று. கடை திறந்த அன்று எங்கள் அலமாரியில் வேறு யாருடைய பீரோ இருந்தது. அது நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு நான் இன்னும் பத்து அலமாரியை விட்டுக்கொடுப்பேன்.

காலை ஒன்பது மணிக்கு அக்கா புட்டிகளை முகர்ந்துவிட்டு, இன்றைக்கு ஆகாது என்றார். முதலாளி வந்தார். முகர்ந்தார். அருமையாக இருக்கிறதே, மாம்பழம் தூக்கலாக இருக்கிறதே என்றார். விற்பனைக்காரர் முகர்ந்தார், முதலாளி முகத்தைப் பார்த்தார், மாம்பழம்தான் என்றார். அந்த மனிதருக்கு மூக்கு இருக்கிறதோ இல்லையோ, கண் நன்றாக வேலை செய்யும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறாயே என்று முதலாளி அக்காவிடம் கத்தினார். வேறு யாருக்கும் வராத வாசனை உனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்றார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். வெந்நீரில் இருந்த புட்டியை என் கையில் கொடுத்து, உண்மையைச் சொல், வெண்ணெய் வாசனை வருகிறதா என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசு எங்கெல்லாம் போயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாள் அவர் சொல்லி நான் கேட்டது, அடுப்பங்கரைச் சண்டைகள், மாமியார் அவரைத் திட்டினாலும் பயப்படுவது அவருக்குத்தான் என்பது, எல்லாம் வந்தது. ஒரு ஓரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. முகர்ந்தேன். வரவில்லை, சார் என்றேன். அது பொய்யில்லை. சொல்லிவிட்டுப் புட்டியைச் சட்டென்று கீழே வைத்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "வரலைன்னா வரலைன்னுதான் சொல்லணும்" என்றார். பிறகு டேங்க் அருகே போனார். டேங்கின் வாயில் குழாயை மாட்ட வேண்டுமானால் நடுவில் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் பீர் எல்லாம் தரையில்தான். அந்த அளவு வளையம் எங்களிடம் மொத்தமே ஏழு. மாட்டியிருந்த ஒன்றைக் கழற்றினார், பெட்டியில் இருந்த ஆறையும் எடுத்தார், ஏழையும் வளையல் போல இடது கையில் போட்டுக்கொண்டார். பின்பு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு டேங்க் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் எழுந்திருக்க மாட்டார் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. கதவு அந்தப் பக்கம் என்று சென்ற வருஷம் சொன்னதையே மறுபடி சொன்னார். அக்கா அசையவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, நீதான் வாசனை வரவில்லை என்றாயே, போய் அந்த வளையத்தை வாங்கிக் குழாயை மாட்டு, இன்று முதல் டேங்க் பக்கமும் நீயே பார்த்துக்கொள் என்றார். எட்டு வருஷமாக டப்பா மெஷினில் நிற்கிறவளுக்கு அது சாதாரண வார்த்தையா? ஆசை காட்டியேதான் சொன்னார்.

நான் மெஷின் பக்கம் போனேன். மாட்டத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பார். மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"வாசனை வரலைன்னுதான் சொன்னேன், சார். அவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்லலியே" என்றேன். "எனக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியுது. அவ்வளவுதான்."

 கையைச் சுவிட்ச் மேலேயே வைத்துக்கொண்டேன். மற்ற ஆறு பேரில் ஒருவர் மூட்டையை இறக்கி வைத்தார். இன்னொருவர் கையுறையைக் கழற்றினார். 

முதலாளி புத்திசாலிதான், சத்தம் போட்டுப் பயனில்லை என்று புரிந்துகொண்டார். சரி, உங்கள் இரண்டு பேர் மூக்கும் வேண்டாம், என் மூக்கும் வேண்டாம், பீரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு ஆளைக் கூப்பிடுகிறேன், எது கெட்டது என்று அவர் சொல்லட்டும் என்றார். அக்கா, யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றார். சொல்லாவிட்டால் நீ போகிறாய் என்றார் முதலாளி. போகிறேன் என்றார் அக்கா.

அவர் கூப்பிட்டது தன் மனைவியை. வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த அம்மா எங்கள் கொட்டகைக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் சாவி வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விடுவார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று முதலாளியே கட்டளை போட்டார். ஒரே மாதிரி இரண்டு கோப்பை, மேஜையில் வைத்தது நான். எது எந்தப் புட்டியிலிருந்து வந்தது என்று எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

அந்த அம்மா முதல் கோப்பையை முகர்ந்தார். நல்லா இருக்கே, ஆரஞ்சு மாதிரி என்றார். முதலாளி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவதை எடுத்தார். மூக்குக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"என்னங்க இது, வெண்ணெய் உருக்கின நாத்தம்?"

 விற்பனைக்காரர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அத்தோடு முடிந்திருந்தால் முதலாளி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அந்த அம்மா முடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கணவனிடம் திரும்பினார்.

"போன வருஷம் திரும்பி வந்துச்சே, அதுலயும் இதே நாத்தம்தானே. வெயில்ல கார்லயே கிடந்த ஒரு டப்பாவை வீட்ல உடைச்சீங்க. அப்பவே சொன்னேன், வெண்ணெய் அடிக்குது, அவசரப்பட்டு அனுப்பாதீங்கன்னு. உனக்கு பீரைப் பத்தி என்னடி தெரியும்னீங்க."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அனுப்பாதீர்கள் என்றால், அனுப்புவதற்கு முன்னாலேயே அந்த அம்மா சொல்லியிருக்கிறார். முதலாளி தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். காதில் விழுந்ததைக் காதில் வாங்கவில்லை. அதன் பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்து அக்காவைப் பார்த்து டேங்க் அழுக்கு என்றிருக்கிறார். ஒரு வருஷமாக அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு அக்கா அதே டேங்குகளை ஒன்றுக்கு இரண்டு முறை தேய்த்திருக்கிறார். எனக்குக் கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதலாளி பார்லி மூட்டை மேல் உட்கார்ந்தார். எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், கடைக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அக்கா வாளியிலிருந்து எழுந்திருக்கவில்லை. இன்னும் என்னம்மா வேண்டும் என்று கேட்டார் அவர்.

"அன்னைக்கு எட்டுப் பேர் முன்னாடி சொன்னீங்க. அதே எட்டுப் பேர் இங்கதான் இருக்கோம்."

முதலாளி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, டேங்க் சுத்தமாகத்தான் இருந்தது, தப்பு என்னுடையது என்று முணுமுணுத்தார்.

அக்கா எழுந்தார். புடவையை உதறிச் சரிசெய்தார். கொட்டகையின் கடைசியில் மூட்டை அடுக்குகிறவர் நின்ற இடத்தைக் கையால் காட்டினார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல, சார்."

முதலாளி நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னார்.